தக்கலை வக்கீலுக்கு நான் வைத்த மரச்சீனிப் பரீட்சை

அன்றைக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். எனக்கு வந்த வக்கீல் நோட்டீஸ் அசலா, ஏமாற்றுத் தட்டிப்பா என்று பார்ப்பது.

அருமனைப் பக்கம் ரப்பர் குடோனில் ராக்காவல் எனக்கு. பகலிலும் தூக்கம் பிடிக்காத ஜென்மம். அதனால் ஆன்லைனில் தேன் விற்கிறேன்.

மெயிலில் வந்தது நோட்டீஸ். ‘உங்கள் பாட்டிலில் எங்கள் கட்சிக்காரரின் கம்பெனிப் பெயர் இருக்கிறது. உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு.’

பெயரா? பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் வாங்கிய பாட்டில்தான். ஆனால் வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டி எடுத்தவனே நான்!

“இந்தக் கடையும் பூட்டிச்சுன்னா காலம் பூரா குடோன்லதான் கெடக்கணும். ஒரு வக்கீலுட்ட கேளுங்க,” என்றாள் மனைவி.

நெட்டிலேயே சட்டம் கற்றவன் வக்கீலிடம் கேட்பதா!

லெட்டர்ஹெட் இருந்தது. தக்கலை விலாசம் இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகம். போன் போட்டேன்.

“வணக்கமுங்க, சொல்லுங்க,” என்றது ஒரு பெண் குரல்.

தக்கலையில் எவர் வாயில் இத்தனை ‘ங்க’ வரும்? மாட்டினியா மக்கா!

“தக்கலைதானா?”

“ஆமாங்க.”

“அப்ப சொல்லும், மரச்சீனிக் கெழங்கு அவிச்சா தொட்டுக்கிட என்ன வேணும்?”

கொஞ்சம் யோசனை. “சட்னிங்களா?”

தீர்ந்தது கேஸ்! மரவள்ளிக்கு மீன்கறி என்று சொல்லத் தெரியாத தக்கலைக்காரியா?

“ஏட்டி, தட்டிப்புக்கு வேற ஊரு கிட்டலியா?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். அதோடு விட்டேனா? ‘முதலில் மீன்கறி வைக்கப் படி’ என்று மெயிலும் போட்டேன். அன்று பகலில் நல்ல தூக்கம்.

அடுத்த வாரம் அதே நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. மனைவி ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக் கையில் தந்தாள்.

தக்கலையில் போர்டு இருந்தது. ஆபீஸ் இருந்தது. உள்ளே வக்கீல் நாற்காலியில் அதே குரலும் இருந்தது.

“பொள்ளாச்சிங்க நானு. இங்க கட்டிக்கொடுத்து ஆறு மாசமாச்சு. வீட்ல சைவமுங்க. உங்க மெயிலையும் ஃபைல்ல சேத்தியிருக்கேன்.”

நான் அசடு வழிந்தேன்.

“பாட்டிலக் கவுத்துங்க.”

கவிழ்த்தேன். எந்த வெந்நீருக்கும் அசையாமல், அடிக்கண்ணாடியில் எழும்பி நின்றது கம்பெனிப் பெயர். அழகுக்காகப் பாட்டிலைச் சரித்து நான் எடுத்துப் போட்ட போட்டோவிலும் பளிச்சென்று தெரிந்ததாம்!

“போட்டோவ எடுத்துட்டுப் புது பாட்டில் மாத்துங்க. கேஸ் வேண்டாம்னு கம்பெனில சொல்லிப் பாக்கறேன்,” என்றார் அந்த அம்மா. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே நண்பர்களே, நோட்டீஸ் அசலா என்று பார்க்க மரச்சீனி அவிக்க வேண்டாம். பாட்டிலைக் கவிழ்த்தால் போதும்.