டிரம் செட்டுக்கு லாஸ்ட் எவ்ளோ?

பழைய பொருளை விற்கிறேன் என்று விளம்பரம் போடுகிறவன், தன் மானத்தையும் சேர்த்தே கடைவிரிக்கிறான். நான் அதைப் போட்டோ வேறு பிடித்து விரித்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி நான். முகூர்த்த நாட்களில் மட்டும் மெல்லிசைக் குழுவின் டிரம்மர். பாடகருக்கும் கீபோர்டுக்காரருக்கும் தகராறு வந்து குழு உடைந்தது. என் டிரம் செட், உறை போட்டபடி எங்கள் ஒற்றை அறை வாடகை வீட்டில் பாதியை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. அந்த நேரம் பார்த்து மகள் ஜெனிக்கு எல்.கே.ஜி. அட்மிஷன். மாதக் கடைசிக்குள் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட் இல்லை.

"அத வித்துப் புள்ளைய சேரு. உன் ஆர்க்கெஸ்ட்ராதான் ஊத்திக்கிச்சே" என்றாள் மனைவி ஸ்டெல்லா.

நாற்பதாயிரத்துக்கு வாங்கியதைப் பதினைந்தாயிரம் என்று போட்டேன். (பெருந்தன்மையாம்!)

"லாஸ்ட் எவ்ளோ?" என்று முதல் ஆள் கேட்டார். பெயர், ஊர், வணக்கம் எதுவும் கிடையாது. அடுத்தவர் பழைய செல்போனும் ஒரு ஜோடி புறாவும் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் சிம்பல் தட்டுகளை மட்டும் கிலோ கணக்கில் கேட்டார். இரும்பு உருக்குகிற ஊரில் குழந்தைக்குக்கூடப் பழைய இரும்பு விலை மனப்பாடம். ஒவ்வொரு போன் வந்தபோதும் எனக்கு ரத்தம் கொதித்தது. பல வருஷம் கல்யாண மண்டபங்களில் வியர்வை சிந்தியவனுக்கு விலை ஒரு ஜோடி புறாவா?

கடைசியில் வள்ளூரிலிருந்து சாலமன் என்பவர் நேரிலேயே வந்தார். சர்ச் பாடகர் குழுவுக்கு வேண்டுமாம். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

"ஒருவாட்டி வாசிச்சுக் காமிண்ணா. சத்தம் எப்படிக்கீதுன்னு பாக்கணும்ல?"

இங்கே ஒரு சிக்கல். குடிவந்த அன்று, மாடியில் இருக்கும் ஓனரம்மா இந்த உறைகளைப் பார்த்து இதெல்லாம் என்ன என்று கேட்டபோது, "பிரியாணி அண்டாக்கா" என்று சொல்லியிருந்தேன். மெதுவாக வாசித்திருக்கலாம். ஆனால் அத்தனை நாள் பட்ட அவமானத்துக்கும் சேர்த்து அன்று அடித்தேன். அப்படி எந்தக் கச்சேரியிலும் நான் வாசித்ததில்லை. தெருவே வாசலில் கூடிவிட்டது. ஜெனி ஆட ஆரம்பித்துவிட்டாள். சாலமன் எழுந்து நின்று கைதட்டினார்.

"சூப்பர்ணா! பின்னிட்ட! ரெண்டாயிரம் வாங்கிக்கோ."

"எவ்ளோ?"

"ரெண்டாயிரம்ணா. உன் கைதான் சூப்பரு, செட்டு சுமார்தான். கைய நான் எட்த்துக்கினு போவ முடியாதுல்ல?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனிதன் என்ன செய்வான்? சொற்பொழிவு ஆற்றுவான். கலை, உழைப்பு, மானம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி, அவரைச் செருப்பைக்கூட மாட்டவிடாமல் வெளியே அனுப்பினேன். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஸ்டெல்லா தட்டவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓனரம்மா வந்தார்.

"இன்னா நைனா, பிரியாணி அண்டா இந்த சத்தம் போடுது? எம் மாமியாரு பிபி மாத்திரை போட்டுக்கினு படுத்துக்கீறாங்க. மாசக் கடைசில ஊட்டைக் காலி பண்ணிடு."

கையில் இருந்த கொஞ்சநஞ்சமும் பொன்னேரியில் பார்த்த புது வீட்டு அட்வான்ஸுக்குப் போயிற்று. செட்டைத் தூக்கிப்போகத் தனியாக ஒரு நடை ஆகும் என்றார் வண்டிக்காரர். மானத்தை மடித்து வைத்துவிட்டு சாலமனுக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த ரெண்டாயிரம்..."

"அடடா, அன்னிக்கே குடுத்திருக்கலாம்ணா. இப்ப ஆயிரத்தி ஐநூறுதான் கீது."

கொடுத்தேன். பெரிய டிரம்மை நானே தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். உறையைத் தனியாக விற்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. (அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.) ஜெனிக்கு சீட் போயிற்று. கூடப் படித்தவர்கள் எல்.கே.ஜி. போக, அவள் இன்னும் ஒரு வருஷம் அங்கன்வாடியிலேயே இருந்தாள். குழந்தைக்கு அது ஒன்றும் தெரியவில்லை. நான்தான் எந்தப் பள்ளிக்கூட வேன் தெருவைக் கடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறாயிரத்துக்காவது பேசிப் பார்த்திருக்கலாம் என்று ஸ்டெல்லா இன்றும் சொல்கிறாள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது ஜெனி மூன்றாம் வகுப்பு. சென்ற மாதம் மில்லில் புது மெஷின் வந்தது. ஓட்டிக் காட்டு, சம்பளத்தை அப்புறம் பேசலாம் என்றார் சூப்பர்வைசர். உயிரைக் கொடுத்து ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்: "உன் கை சூப்பர்னு எல்லாரும் சொன்னாங்க."

ஸ்டெல்லா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "வாசிச்சுக் காமிச்சிட்டியா?"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஜெனி, நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சம்பளம் இந்த மாதம் ஏறியது. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டில் சொன்னதோடு போதும், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.