ஆளுக்கு அரைக் கிலோ

விமானம் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்தான். நூற்றறுபது பயணிகளில் பாதிப் பேர் ஏறும் வாசலில் இல்லை, கழிப்பறை வாசலில் நின்றார்கள். அவர்களை அங்கே அனுப்பிவைத்த புண்ணியவான், கையில் அட்டையும் பேனாவுமாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். விமானத்தின் எடையைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிப்பது அவர் வேலை. பத்திரிகைகளை எடுத்தார், கனமான தட்டுகளை மாற்றினார், தள்ளுவண்டிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. எரிபொருள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. இதுவும் தேறலைன்னா, தொலைஞ்ச பெட்டிங்க பிரிவுக்கே போயிடுங்க," என்று மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். அந்தப் பிரிவில் எட்டு வருடம் ஊரார் திட்டை வாங்கிக் கட்டிக்கொண்டவர் எடைக்கல். அதைவிட, வானத்தில் விமானம் விடும் புகை கொஞ்சமாவது குறையவேண்டும் என்று மனிதர் நிஜமாகவே ஆசைப்பட்டார்.

அதில் பிறந்ததுதான் இந்தக் கடைசி யோசனை. ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை 'போய்விட்டு' வந்தால், ஆளுக்கு அரைக் கிலோ மிச்சம்!

"மாமா, என்ன கூத்து இது?" வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவருடைய மச்சினன், பம்புசெட் விற்கிறவன். வாராவாரம் இதே விமானத்தில் போகிறவன். "எனக்கு வரவே இல்ல. நீங்க மைக்ல சொன்னப்புறம்தான் வந்துச்சு!"

"பொறுத்துக்கோப்பா, பூமிக்கு நல்லது."

"எப்பவும் போய் இறங்கற ஊருக்கு மேல, இறங்க இடம் கிடைக்காம அரை மணி வட்டமடிச்சு எங்க தலையைச் சுத்த வைப்பாங்க. இன்னிக்கு நீங்க கீழயே சுத்த வைக்கிறீங்க!"

வரிசையில் முணுமுணுப்பு கூடியது. எடைக்கல் எல்லோருக்கும் இலவசக் காபி கொடுக்கச் சொன்னார். முணுமுணுப்பு அடங்கியது. பத்தே நிமிடத்தில் அறிவிப்புப் பெண் ஓடிவந்தாள்.

"சார், போயிட்டு வந்தவங்க காபி குடிச்சிட்டு மறுபடியும் வரிசையில நிக்கறாங்க!"

"காபியை நிறுத்துங்க! ஊழியர் கழிப்பறையைத் திறந்து விடுங்க!"

திறந்து விட்டார்கள். முதலில் நுழைந்த பெரியவர் போட்ட தாழ்ப்பாள் திறக்கவே இல்லை. அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்ட, தச்சர் வெளியேயிருந்து தட்ட, நாற்பது நிமிடம் பறந்துபோனது. விமானம்தான் பறக்கவில்லை.

கேப்டன் சிவந்த முகத்தோடு வந்தார். "போற வழியில வேகமா ஓட்டி இந்த லேட்டை ஈடுகட்டிடறேன்."

"ஐயையோ! வேகம் கூடினா எரிபொருளும் கூடும் கேப்டன்! வழக்கமான வேகத்துலயே போங்க, கையெடுத்துக் கும்பிடறேன்."

"சரி. ஆனா லேட்டுக்குத் திட்டு உங்களுக்குத்தான்."

பெரியவரையும் ஏற்றிக்கொண்டு விமானம் ஒருவழியாகக் கிளம்பியது. எடைக்கல் மேலாளர் அம்மாவின் அறையில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அந்த அம்மா தன் கோப்புகளைப் புரட்டினார். எடைக்கல் மனதுக்குள் தொலைந்த பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு விமானம் இறங்கிய செய்தியோடு கணினியில் எரிபொருள் விவரம் வந்தது. மேலாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வழக்கத்தைவிட எழுநூறு கிலோ கம்மி!"

"எழுநூறா?" எடைக்கல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சபாஷ்! நீங்க எங்கயும் போக வேணாம். எல்லா வாசல்லயும் பத்துப் பத்துக் கழிப்பறை கட்டச் சொல்லி இன்னிக்கே எழுதறேன்!"

எடைக்கல்லுக்குக் கண் கலங்கிவிட்டது. அரைக் கிலோ எப்படி எழுநூறு ஆனது என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அப்போது கைப்பேசி அடித்தது. மச்சினன். சந்தோஷத்தை அவனும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

"மாமா, நாங்க லேட்டா வந்ததால இறங்கறதுக்குப் போட்டியே இல்ல, ஒரு வட்டம்கூட அடிக்காம நேரா இறங்கிட்டோம்! இனிமே தினமும் இதே மாதிரி கீழயே உட்கார வெச்சு அனுப்புங்க, ஆனா அந்த வரிசை மட்டும் வேணாம், நின்னு நின்னு வெறுத்துப்போய் முக்காவாசிப் பேர் போகாமலேயே ஏறிட்டோம்!"