கிராஸ் ஓவரும் கேளாத காதும்

அச்சகத்துக்காரருக்குக் காது மந்தம் என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற உண்மை. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லி அடுக்களையிலிருந்து மனைவி தொண்டை கிழியக் கத்துவாள். "என்னம்மா? மிஷின் சத்தத்துல காதே போச்சு" என்பார். தொண்டை வலித்து அவளே விட்டுவிடுவாள். இப்படியே ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றி வந்தார் மனிதர்.

காப்பாற்றிய ஞாயிறுகளில் பிறந்தவைதான் அடுக்களை வாசலின் இரு பக்கமும் நிற்கும் மரப் பெட்டிகள். சொந்தத் தயாரிப்பு ஸ்பீக்கர்கள். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சுச் சத்தத்தைச் சின்னதுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ் ஓவர்தான் இன்னும் சரிப்பட்டு வரவில்லை. ஒரு செம்புக் கம்பிச் சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து அவர் உயிரை வாங்கின.

அன்று எதிர்வீட்டு டிவி மெக்கானிக்கை இழுத்து வந்து உட்கார வைத்திருந்தார்.

"பெருசு விட்டு சின்னது பிடிக்கிற இடத்துல ஒரு பள்ளம் இருக்கு தம்பி. பொம்பளைக் குரல்ல நல்லாத் தெரியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணே."

"உன் காது சும்மா காது. இது பாம்புக் காது!"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"ஏங்க, பொம்பளைக் குரல்தானே வேணும்? மைக்கைக் குடுங்க, உள்ள நின்னு பேசுறேன்."

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியில் இவளும் தன் கலையை மதிக்கிறாளே! "மெதுவாப் பேசணும். முணுமுணுப்புலதான் பள்ளம் பிடிபடும்" என்று பாடம் வேறு எடுத்தார். மைக்கும் வயருமாக அவள் உள்ளே போனாள்.

"துணி காயுது."

"பாத்தியா, 'து' மங்குது!" கெப்பாசிட்டரை மாற்றினார்.

"தொட்டி பாசி பிடிச்சிருக்கு."

"ஆகா! 'பாசி' பளிச்சுனு விழுந்துச்சு!" இன்னொன்றை மாற்றினார்.

"இன்னிக்காவது கழுவுவீங்களா?"

"அடடா! ஒரு எழுத்து சிதறல தம்பி! கைகுடு!"

மெக்கானிக் கை கொடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இதுல மைக் வயரே இல்லையே."

மைக்கையும், கழற்றிய வயரையும் சுருட்டிப் பிடித்தபடி அவள் வாசலில் வந்து நின்றாள். "போகும்போதே பிடுங்கிட்டேங்க. சும்மாதான் பேசினேன்."

இனி வரப்போகும் ஞாயிறெல்லாம் அவர் கண்முன்னே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் மனிதர் அசரவில்லை. காதருகே கையைக் குவித்து, "என்னம்மா சொன்னே? கொஞ்சம் சத்தமா..." என்று ஆரம்பித்தார்.

அவள் உதடு அசைந்ததே மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

"பிரஷ் கதவுக்குப் பின்னால இருக்கு."

அச்சகத்துக்காரர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.