கோழி மாடான வழி

மசிபோ தன் தொப்பிக்குள் கையை விட்டான். உள்ளே ஒரு முட்டை இருந்தது. கை பட்டதும் அது முட்டையாக இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெபத்துக்குக் கிளம்புகிற நேரம். மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிய அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. சோள மூட்டையின்மேல் இன்னொன்று. நாற்காலியின் முதுகில் உட்கார்ந்திருந்த சேவல், வீட்டுக்குத் தலைவன் தான்தான் என்பதுபோல் அவனை மேலும் கீழும் பார்த்தது. அந்த வீட்டில் கோழி முட்டையிடாத இடம் அடுப்பு ஒன்றுதான். அதுவும் சுடுகிற காரணத்தால்.

"நமல்வா, இங்க வந்து பாரு. உன் கோழி என் தொப்பியில முட்டை வச்சிருக்கு."

"கறுத்தப் பெட்டையா இருக்கும்." அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "பாவம், ரெண்டு நாளா எடம் தேடிக்கிட்டு இருந்துச்சு."

"இது தலையில வைக்கிற தொப்பி."

"அதுக்கு எப்படித் தெரியும், வபுகே அப்பா? அந்தத் தொப்பிக்குள்ள எப்பவாவது ஏதாவது இருந்து அது பாத்திருந்தா வேற எடம் போயிருக்கும்."

வபுகே அவர்களுடைய மூத்த மகன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

மசிபோவின் கோபம் அன்று காலையில் பிறந்ததல்ல. அது பல வருடக் கோபம். முட்டை அதன்மேல் உடைந்தது, அவ்வளவுதான்.

மலையடிவாரத்து ஊர்களில் ஒரு கணக்கு உண்டு. மாடு ஆணுடையது, கோழி பெண்ணுடையது. யாரும் அதை எழுதி வைத்ததில்லை. யாரும் மீறியதுமில்லை. மசிபோவிடம் ஒரு காலத்தில் மாடுகள் இருந்தன. அவன் அப்பன் விட்டுப்போனவை. நமல்வாவைக் கட்டியபோது அவ்வளவும் பரிசமாகக் குய்வா ஆற்றைத் தாண்டி அவள் அண்ணன் சிபுனாவின் தொழுவத்துக்குப் போய்விட்டன. மனைவி உள்ளே வந்தாள், மாடு வெளியே போயிற்று. காலித் தொழுவத்தில் இப்போது பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது.

சாயங்காலங்களில் ஆண்கள் கேழ்வரகுக் கள்ளுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழாய்களால் உறிஞ்சுவார்கள். மாடு வைத்திருப்பவர்கள் பேசுவார்கள். மற்றவர்கள் உறிஞ்சுவார்கள். மசிபோ வாயைத் திறந்தால் எவனாவது ஒருவன் கேட்பான்: "என்ன மசிபோ, உன் மந்தையெல்லாம் கூரை ஏறிடுச்சா?"

அதற்குப் பிறகு கள் இனிக்குமா?

அன்று ஜெபத்தில் அவன் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்ததும் அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன். கோழியெல்லாம் விக்கிறோம். ஒரு கிடாரி வாங்குறோம்."

நமல்வா கீரை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நல்ல யோசனைதான். கிடாரி யாரோடது?"

"வீட்டோடது."

"வீட்டோடதுன்னா?"

"குடும்பத்தோடது."

"குடும்பத்தோடதுன்னா?"

"மாடு யாரோடதுன்னு ஊருக்கே தெரியும். நீ என்ன புதுசாக் கேக்குற?"

"ஆக, என் கோழி ஒரு வாசல் வழியா உள்ள போய், இன்னொரு வாசல் வழியா உங்க மாடா வெளிய வரும்."

"ஏன், நீ பால் குடிக்க மாட்டியா?"

கத்தி நின்றது.

"போன மழையில பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ மருந்து எதுல வந்துச்சு? பள்ளிக்கூடச் சட்டை எதுல வந்துச்சு? கறையான் புத்தை வெட்டிக் கொண்டாந்து குஞ்சுக்குப் போட்டு, பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருந்து வளத்தவ நான். நீங்க அதுங்களுக்குச் செஞ்சதெல்லாம் கல்லு எறிஞ்சதுதான். ஒரு இறகு தரமாட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருக்கலாம். போய்ப் பூசணிக்கொடியை ஓர் உதை விட்டான்.

இந்த எரிச்சலில் எண்ணெய் வார்ப்பதற்கென்றே சிபுனா சந்தை நாள்தோறும் வந்துகொண்டிருந்தான். மச்சான் வந்தால் கோழி அறுக்காமல் அனுப்ப முடியாது. அனுப்பினால் அந்த வீட்டுக்கு வேறு மானக்கேடு வேண்டாம். சிபுனா தின்னும்போதெல்லாம் மசிபோ எதிரே உட்கார்ந்து பார்ப்பான். அவன் கண்ணுக்கு அது கோழியாகத் தெரியாது. தன் கிடாரியின் ஒரு தொடை போகிறது, இதோ விலா போகிறது, வால்கூட மிஞ்சாது போலிருக்கிறதே என்று வயிறு எரியும்.

"மாப்பிள்ளை, உங்க வீட்டுக் கோழிக்குன்னு ஒரு தனி ருசி," என்பான் சிபுனா, விரலை நக்கிக்கொண்டு.

"இருக்காதா மச்சான். தொப்பியில பொறந்த சாதியாச்சே."

அந்த ஊர்ப் பக்கம் வறண்ட மாதங்களில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வரும். காலையில் ஒன்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளாடும். அந்த வாரம் முடிவதற்குள் வாசல் காலியாகிவிடும். நோய் வந்த செய்தி காதில் விழுந்தால் போதும், நிற்கிற கோழிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மசிபோவுக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. நோய் வரவேண்டும் என்பதில்லை. வந்ததுபோல் இருந்தால் போதும்.

ஒரு காலை அவன் பானையின் அடியில் தங்கியிருந்த கள்ளு மண்டியைச் சுரைக்குடுக்கையில் வழித்துக் கொண்டுவந்து செவலைக் கோழி ஒன்றின் முன்னால் வைத்தான். கேழ்வரகு என்று நினைத்து அது தின்றது. பிறகு கேழ்வரகு இல்லை என்று தெரிந்தும் தின்றது. சற்று நேரத்தில் ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் யோசித்தது. கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"நமல்வா, ஓடி வா. கழிச்சல் வந்துடுச்சு."

நமல்வா வந்தாள். கோழியின் பக்கத்தில் முழங்காலிட்டு அதைத் தூக்கினாள். வாலடியைப் பார்த்தாள். அலகைப் பிளந்து, தன் மூக்கை அதன் அருகே கொண்டுபோனாள். பிறகு புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் நீளமாகவே பார்த்தாள்.

"ஆமா, பெரிய நோய்தான்."

"நான் சொல்லல? இன்னைக்கே வித்தாத்தான் உண்டு. நாளைக்கு எல்லாத்தையும் குழிதோண்டிப் புதைக்கணும். சுவெலே சந்தையிலேருந்து முகோங்கோவைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

"போய்ட்டு வாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்டதும் அவன் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் மனைவி ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் இருக்கிற ஆம்பளை எங்கே யோசித்தான்? சந்தைக்குப் போகும் வழியிலேயே கிடாரிக்குப் பெயர் வைத்துவிட்டான்.

முகோங்கோ கோழி வியாபாரி. சைக்கிளின் பின்னால் மூங்கில் கூண்டுகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வந்தான். அவனிடம் மசிபோ நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. "மாடு வாங்கப் போறேன், அதான் விக்கிறேன்," என்று மட்டும் சொல்லியிருந்தான்.

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு கொக்கரிப்பு இல்லை. நமல்வா நிதானமாக முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாழை நிழலில் செவலைக் கோழி மட்டும் கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"கோழியெல்லாம் எங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். நோய் வந்தா நல்லதுகளைப் பிரிச்சு வேற வாசலுக்கு அனுப்பி விதைக்கோழியைக் காப்பாத்துறதுதானே வழக்கம். நல்ல வேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க."

"நோயா?" என்றான் முகோங்கோ. "எந்த நோய்?"

"கழிச்சல்தான் அண்ணே. காலையில இவர்தான் முதல்ல பாத்தாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

முகோங்கோ சைக்கிளை மெதுவாகத் திருப்பி நிறுத்தினான்.

"ஏன்யா, நோய்க் கோழியை என் கூண்டுல ஏத்தி என் பிழைப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியா? சொல்லு. நோயா, இல்லையா?"

ஆமென்றால் வியாபாரி அடிப்பான். இல்லையென்றால் மனைவி விடமாட்டாள். மசிபோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துச் செவலை கண் விழித்தது. எழுந்தது. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று பூமியைச் சரிபார்த்துக்கொண்டு நேராகச் சுரைக்குடுக்கைக்குப் போய் அதைக் கொத்திப் பார்த்தது. காலி என்றதும் மசிபோவின் காலைக் கொத்தியது.

முகோங்கோ குனிந்து குடுக்கையை மோந்து பார்த்தான்.

"இந்த நோய் கோழிக்கு எப்ப வந்துச்சோ தெரியாது. உனக்கு ரொம்ப நாளா இருக்கு." அவன் சைக்கிளில் ஏறிவிட்டான்.

மசிபோவுக்குக் காது வரை சுட்டது. "நாளைக்கே எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாந்துடணும். அதான் கோழி எழுந்து நடக்குதே."

"அது எப்படி? நோய் விழுந்த வாசல்ல மழை பெய்ஞ்சு கழுவுற வரைக்கும் வேற கோழி கால் வைக்கலாமா?" நமல்வா விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். "இல்ல, அது நோயே இல்லேங்கறீங்களா? அப்ப என்னன்னு சொல்லுங்க. கேட்டுக்குறேன்."

"நோய்தான்," என்றான் அவன். வேறு வழியில்லை.

மழை வரும்வரை அந்த வீட்டில் கீரைதான். உகாலி என்கிற சோளமாவுக் களியும் கீரையும், கீரையும் உகாலியும். கல்லெறிவதற்குக்கூட ஒரு கோழி இல்லை. செவலை ஒன்றுதான் மிச்சம். அது சாயங்காலமானால் அவன் பின்னாலேயே கள்ளுப் பானைக்கு வரப் பழகியிருந்தது. அங்கே அதற்கு இடம்கூடக் கொடுத்தார்கள். மசிபோவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்தே தாடை வலி கண்டுவிட்டது.

மழை ஓய்ந்து ஆறு வடிந்த அன்றே அவன் அக்கரைக்குப் போனான். இன்று சண்டை போடாமல் திரும்புவதில்லை என்றுதான் போனான். ஆனால் சிபுனா எழுந்து வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தான். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று கோழி அறுத்தார்கள். குடிசை ஓரத்தில் கறுப்பு இறகுகள் பறந்ததை மசிபோ பார்த்தான். தட்டு வந்தது. ஆண் விருந்தாளிக்குரிய மரியாதைத் துண்டான இரைப்பை அவனுக்கென்றே மேலே வைக்கப்பட்டிருந்தது. கறுத்தப் பெட்டையின் இரைப்பை. அதை மென்றுகொண்டே எப்படிச் சண்டை போடுவது? கோபத்தோடு மென்றான். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"மத்த கோழியெல்லாம் எங்க மச்சான்?"

"அதெல்லாம் இப்ப எங்க வீட்டுக்காரியோட கோழி. தங்கச்சிதான் மாத்திக்கிட்டாளே, மாப்பிள்ளை."

"எதுக்கு மாத்தினா?"

சிபுனா தொழுவத்தைக் காட்டினான். அங்கே ஒரு கிடாரி நின்றது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அந்தச் சுட்டியை மசிபோவுக்குத் தெரியும். பரிசத்தில் அவன் ஓட்டிவிட்ட அப்பனின் பசுவுக்கு அதே சுட்டி. அதன் பேத்தியாக இருக்கவேண்டும்.

கோபம் எல்லாம் ஒரு நொடியில் இறங்கிவிட்டது. நமல்வாவைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

"கயித்தைக் குடுங்க மச்சான்."

"தாராளமா ஓட்டிட்டுப் போங்க. ஒரு வார்த்தை மட்டும் பெரியவங்க முன்னால சொல்லிடுறேன். இது என் பேர்ல நிக்கிற மாடு. உங்க தொழுவத்துல வளப்புக்கு விடுறேன். புல்லும் தண்ணியும் உங்க பொறுப்பு. போடுற கன்னு உரிமைக்காரங்களுக்கு."

"கோழி அவளோடது. மாடு எப்படி உங்க பேர்ல வரும்?"

"அவ பேர்ல நின்னா அது உங்க மாடாயிடுமாம். அவதான் சொன்னா."

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். மசிபோ கயிற்றைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். வெறுங்கையோடு திரும்பினால் பானையைச் சுற்றி என்ன கேட்பார்கள் என்று நினைத்தான். கயிற்றை வாங்கிக்கொண்டான்.

ஊருக்குள் நுழைந்ததும் மிக மெதுவாக நடந்தான். "மாடு வாங்கிட்டியா மசிபோ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமா" என்றான். அன்று மாலை பானையைச் சுற்றி அவன் பேசினான், மற்றவர்கள் உறிஞ்சினார்கள். யார் பேரில் என்று ஒருவனும் கேட்கவில்லை.

பூசணிக்கொடியைப் பிடுங்கினான். விடியும்முன் எழுந்து புல் அறுத்தான். ஈ ஓட்டினான். உண்ணி பிடுங்கினான். கிடாரி கொஞ்சம் இளைத்தாற்போலத் தெரிந்தால், "அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று நமல்வா கவலைப்பட்டாள். அடுத்த வருடம் அது கன்று போட்டது. பெண் கன்று. சிபுனா வந்து பார்த்து, தங்கையிடம் தலையசைத்துவிட்டு, அவள் புதிதாக வளர்த்த கோழிகளில் ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டுப் போனான்.

முதல் நாள் கறந்த பாலை மசிபோவே ஏந்திக்கொண்டு வந்தான். நமல்வா அதை வாங்கி அடுப்படிக்குள் வைத்தாள். மறுநாள் கறந்ததில் பாதி பக்கத்து வீட்டுக்கு விலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு அவன் வாசலில் வந்து நின்றான். பழைய கோபம் முழுசாகத் திரும்பியிருந்தது.

"பாலை யாரைக் கேட்டு வித்த?"

"அடுப்படிக்குள்ள வந்த பால் யாரோடதுன்னு ஊருக்கே தெரியும், வபுகே அப்பா. புதுசாக் கேக்குறீங்க?"

"மாடு உங்கண்ணன் பேர்ல. கன்னு உனக்கு. பாலும் உனக்கு. வருஷம் பூரா மாடா உழைச்சவன் நான். இதுல எனக்குன்னு என்னதான் இருக்கு?"

நமல்வா மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உங்க பங்கு காலையிலேருந்து தொழுவத்துல குமிஞ்சு கிடக்கு. போய் அள்ளுங்க."