ராக் என்றால் பாறை, பாறை என்றால் சீசா அண்ணாச்சி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தென்காசி வட்டாரத்தில் முதன்முதலாக மைக்செட் கட்டியவன். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன். இன்றைக்கு மூன்று கடை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: உலகத்திலேயே பெரிய ராக் கிடார்காரர் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் இதே பத்திரிகையில் தலைசிறந்த ராக் கிடார்காரர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. ராக் என்றால் பாறை என்று பேத்தி சொன்னாள். இவர்களில் ஒருத்தராவது பாறையில் உட்கார்ந்து வாசித்தாரா என்று கேட்டேன். இல்லையாம். எங்கள் சீசா அண்ணாச்சி ஐந்தருவிப் பாறையை விட்டு இறங்கினால்தானே!

கையில் எப்போதும் எண்ணெய் சீசா இருக்கும். அதனால் அந்தப் பெயர். செங்கோட்டைக்கு மேலே எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போன கிடார் அவரிடம் இருந்தது. எண்ணெய் விரலால் அழுத்தினால் கம்பி வழுக்கும். அதனால் சீசாவையே கம்பிமேல் வைத்து இழுப்பார். 'டொய்ய்ங்' என்று சத்தம் மலையேறி இறங்கி வரும். பாட்டு சூடுபிடித்தால் தாளம் எதிரில் எண்ணெய்க்குத் தலை கொடுத்திருப்பவர் மண்டையில்தான்.

"அண்ணாச்சி, மீதித் தலைக்குத் தேய்க்கப்பிடாதா?"

"பொறும்வே, சரணம் முடியட்டு!"

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சாரல் சீசன். குற்றாலத்தில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். என் மைக்செட்டுக்கு அதுதான் முதல் கல்யாணம். பெண்ணின் அப்பா வாசுதேவநல்லூர்ப் பண்ணையார். என் வாய்ச்சவடாலை நம்பி மேளத்துக்கே சொல்லவில்லை. சொதப்பினால் நான் பழையபடி மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான்.

மாப்பிள்ளை வாசலுக்கு வருகிற நேரம் பார்த்து இசைத்தட்டுப் பெட்டிக்குள் சாரல் இறங்கிவிட்டது. மூச்சுப் பேச்சில்லை. ஸ்பீக்கரின் உள்காகிதமும் நனைந்து கிழிந்து தொங்கியது. போதாக்குறைக்குச் சீர்த்தட்டு வாழைப்பழத்துக்கு ஒரு குரங்குப் பட்டாளம்.

"ஏலே, மேளம் எதுக்கு, மிஷின் பாடும்னியே! பாடச் சொல்லுலே!" என்று பண்ணையார் குதித்தார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு எண்ணெய் தேய்க்க வந்திருந்த சீசா அண்ணாச்சி கிடாரை நீட்டினார். "மைக்க இதுல கட்டுலே. முழிச்சிக்கிட்டு நிக்கான் பாரு!"

கிடார் வயிற்றில் மைக்கை வைத்து வாழைநாரால் கட்டினேன். அவர் சீசாவை ஓர் இழுப்பு இழுத்தார். கிழிந்த ஸ்பீக்கர் வழியாக அது 'க்ர்ர்ராங்ங்' என்று வந்தது. மலை உறுமியதுபோல இருந்தது. குரங்குகள் பழத்தைப் போட்டுவிட்டுக் கூரையேறி ஓடின. மாப்பிள்ளையும் இரண்டடி பின்வாங்கியதை நான் பார்த்தேன்.

பண்ணையார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"குரங்கு பூரா ஓடுதுலா! தாலி கட்டுத வரைக்கும் நிப்பாட்டாதீரும்வே!"

அதற்கப்புறம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் கூப்பிட்டார்கள். "புது ஸ்பீக்கர் வேண்டாம்வே, அந்தக் கிழிஞ்சதையே கொண்டாரும். சீசாவையும் கூட்டிட்டு வாரும்." போகிற வழியெல்லாம் அவர் என் தலையில் தாளம் போட்டுக்கொண்டே வருவார்.

பட்டியலில் முதலாமவர் வாசித்ததைப் பேத்தி போட்டுக் காட்டினாள். சத்தியமாக அதே 'க்ர்ர்ராங்ங்'. எங்கள் சாரலில் நனையாமல் அது எப்படி வந்ததோ!

ஆசிரியர் அவர்களே, பட்டியலைத் திருத்துங்கள். முதல் இடம் சீசா அண்ணாச்சிக்கு. 'கிழிந்த ஸ்பீக்கர்' என்று என் பெயரையும் போட்டாக வேண்டும். கீழ் வரியில் வேண்டாம், அவர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மாடு மேய்க்கப் போக இருந்தவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர் அவர்.