ஆர்ட்டிகிள் சாமி பெண் பார்த்த கதை

கப்பல் வராத நாள் கொச்சியில் உண்டு. ஆர்ட்டிகிள் சாமி யாரையும் திருத்தாத நாள் கிடையாது. எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்த மிளகுக் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். 'ஒரு' என்பதற்கு ஆங்கிலத்தில் போடும் 'ஏ'யையும் 'ஆன்'ஐயும் யாராவது விழுங்கிவிட்டால் சாமிக்குச் சோறு இறங்காது.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ். கடைப் பலகையில் 'ஏ' விட்டுப்போயிருந்தால் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி நின்று எழுதிவிட்டுத்தான் மறுவேலை. சொல்லுக்குச் சொல் காசு கொடுக்கிற தந்தியிலும் விட மாட்டார். முதலாளி சேட்டு தலையில் அடித்துக்கொள்வார். ஒருமுறை படகுத்துறையில் ஒரு வெள்ளைக்காரர் "ஐ வாண்ட் போட்" என்று கேட்டுவிட்டார். சாமி அவரை நிறுத்தித் திருத்தி முடிப்பதற்குள் படகு போய்விட்டது.

இந்தக் குணத்தால் மனுஷருக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. போன இடத்திலெல்லாம் பெண்ணின் அப்பாவைத் திருத்திவிட்டு, பஜ்ஜி ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுவார். எர்ணாகுளத்தில் ஒரு வரன் அமைந்தபோது அவருடைய அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் போச்சுன்னா இனி ஆரும் பொண்ணு தர மாட்டா. அவன் வாயைத் திறக்காம நீதான் பாத்துக்கணும்."

பெண் பார்க்க எர்ணாகுளம் போன படகிலேயே அவருடைய சாக்பீஸைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

பெண் கணக்கு டீச்சர். காபியை வைத்துவிட்டு, சாமியை நிமிர்ந்து பார்த்து, "ஐ ஆம் டீச்சர்" என்றாள்.

போச்சுடா என்று நினைத்தேன். சாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. வேர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்தார், திறந்த வாயில் ஒரு முழு பஜ்ஜியைத் திணித்துக்கொண்டார். நிதானமாக மென்று முடித்து, "ரொம்ப சந்தோஷம்" என்றார், தமிழில்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிறகொரு நாள் அந்த டீச்சர் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாளாம். "இவரைப் பத்தி எர்ணாகுளம் வரைக்கும் பேச்சு. எனக்காக ஒரு தடவை வாயை அடக்குவாரான்னு பாக்கத்தான் அந்த 'ஏ'யை வேணும்னே விட்டேன்."

மறுநாளே ஆபீசில் இதைச் சாமியிடம் போட்டு உடைத்தேன். அவர் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியும்டா. அவ கண்ணு சிரிச்சுதே."

அந்தச் சாக்பீஸை அவர் திருப்பிக் கேட்கவேயில்லை. புதிதாக ஒரு டப்பாவே வாங்கிவிட்டார். பழைய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தூக்கி எறிய மனசு வரவில்லை.