குழாயைத் திறந்தது யார்?

பல்லியையும் கரப்பானையும் தவிர, குளியலறையில் காணப்படும் இன்னொரு ஜீவராசியும் உண்டு. 'யார் திறந்தது' ஆசாமி என்று பெயர். வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். ஷவரில் தண்ணீர் மெலிந்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று நீங்களும் நானும் நினைப்போம். அவர் அவ்வளவு அற்பமாக யோசிப்பதில்லை. காரணம் எதற்கு? ஆள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நம்மவர் துண்டைத் தோளில் போட்டதுமே வீட்டில் ஊரடங்கு. சமையலறையில் பாத்திரங்கள் பாதித் தேய்த்தபடி கிடக்கும். வாஷிங் மெஷின் நடுச் சுற்றில் மூச்சை அடக்கிக்கொள்ளும். பல் தேய்க்கும் மகள் வாய் நிறைய நுரையோடு, கொப்பளிக்க உத்தரவு வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இத்தனைக்கும் பிறகு சுடுதண்ணீர் நூலாகத்தான் இறங்கும். உடனே கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"யாரது, குழாயத் திறந்தது?"

"யாரும் திறக்கலப்பா."

"அப்ப தண்ணி எங்க போச்சு? பொய் வேற."

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் திருப்பியே அவருடைய தோள்பட்டை இறுகிக் கிடந்தது. வெந்நீர் கொஞ்சம் வேகமாக விழுந்தால் வலி இளகும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"தொட்டி ஷவருக்குக் கொஞ்சம் மேலதாங்க இருக்கு. மோட்டாரும் கிடையாது, தண்ணி தானா இறங்கித்தானே வரணும். ஒரு ஸ்டாண்டு போட்டு உயரத் தூக்கி வெச்சா வேகமா வரும்."

"தொட்டியத் தூக்கி என்ன பண்றது? இந்த வீட்டுல ஒழுங்கு இல்ல, அதச் சொல்லு."

ஒருமுறை மனைவியும் மகளும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நம்மவர் தனியாகக் குளித்தார். தண்ணீர் அதே நூல்தான். "யாரது?" என்று பழக்கதோஷத்தில் கத்தினார். பதில் சொல்ல ஆளில்லை. வேறொருவராக இருந்தால் அங்கேயே ஞானம் பிறந்திருக்கும். நம்மவர் ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்து, வீட்டிலிருந்த குழாய்களையெல்லாம் இறுக்கித் திருகினார். பிறகு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்தார். அவர்களுக்குத் தனித் தொட்டி என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டாமா?

ஊரிலிருந்து திரும்பிய மனைவி அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை. கணவர் அலுவலகம் போயிருந்த நேரத்தில் ஆள் வைத்து, மொட்டைமாடியில் இரும்பு ஸ்டாண்டு அடித்து, தொட்டியை மேலே ஏற்றினார். ஏற்றிய கையோடு குளிக்கப் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வெந்நீர் தோளில் சடசடவென்று விழும் சத்தம் கூடத்துக்கே கேட்டதாம். மகள் சொல்லக் கேட்ட எனக்கே மனம் குளிர்ந்தது.

மறுநாள் நம்மவர் குளித்தார். தண்ணீர் முதுகில் அறைந்தது. தலையைத் துவட்டியபடி சமையலறைக்கு வந்தவர், அங்கே மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இப்பதான் எல்லாரும் திருந்தியிருக்கீங்க. சும்மாவா, எத்தன வருஷம் கத்தியிருக்கேன்."

மனைவி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? மேலதிகாரியா, மைத்துனரா, மாடி வீட்டுக்காரரா? பார்த்தீர்களா, நான் முடிப்பதற்குள் நீங்களும் ஆளைத் தேடப் போய்விட்டீர்கள்.